நாம், நாங்கள், நீங்கள்: ஹென்றி மார்ட்டின் ஸ்கடரின் தமிழ்ச் சமய நூல்களும் ஆர்க்காட்டுத் திருச்சபையின் மொழியும்

1. முன்னுரை

19ஆம் நூற்றாண்டில் கிறித்தவ சமயப் பணியாளர் தமிழுக்கு ஆற்றிய தொண்டினை மதிப்பிடும் நூல்கள் பெரும்பாலும் மூன்று வகை எழுத்துகளையே முதன்மைப்படுத்துகின்றன. விவிலிய மொழிபெயர்ப்பு, அகராதி, இலக்கணம் என்பனவே அவை. ஃபப்ரீஷியஸ், ரேனியஸ், பெர்சிவல், வின்சுலோ, கால்டுவெல், போப் ஆகியோர் பெயர்கள் நிலைபெற்றமைக்கும் இம்மூன்று துறைகளே காரணம். ஆனால் அக்காலத் திருச்சபைகளில் மக்கள் நாள்தோறும் கேட்டும் சொல்லியும் வந்த தமிழ் வேறு சில நூல்களிலிருந்து வந்தது. வழிபாட்டு ஒழுங்கு, ஞானோபதேச வினாவிடை, தெருவில் பேசும் உபதேசியார்க்குரிய துணைநூல் என்பன அவ்வகையின. இவை வாசிப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல. வாய்விட்டுச் சொல்வதற்காக எழுதப்பட்டவை. கை மாறிக் கை மாறிப் பயன்பட்டுத் தேய்ந்தமையால் இலக்கிய வரலாற்றின் பார்வையிலிருந்தும் இவை நழுவிவிட்டன.

இவ்வகை நூல்கள் அனைத்தையும் ஒருவரே எழுதிய அரிய நேர்வு, ஆர்க்காட்டு மிஷனின் நிறுவனர் ஹென்றி மார்ட்டின் ஸ்கடருடையது (1822–1895). அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாகக் கூறி, அவர் கையாண்ட நூல்வகைகள் தமிழில் எழுதுவோன்மீது சுமத்தும் ஓர் இலக்கணக் கட்டாயத்தை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம். தன்மைப் பன்மையில் கேட்போரை உளப்படுத்துவதா, விலக்குவதா என்பதே அக்கட்டாயம். சிறிய இலக்கணச் செய்தியாகத் தோன்றும் இது, புதிதாய் உருவான ஒரு சபையில் யார் யாரோடு சேர்த்து எண்ணப்படுவர் என்னும் பெரிய வினாவைத் தன்னுள் அடக்கியிருந்தது.

2. வாழ்க்கை

ஹென்றி மார்ட்டின் ஸ்கடர் 1822ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் பிறந்தார். அவர் தந்தை ஜான் ஸ்கடர் (1793–1855), அமெரிக்க மிஷன் சார்பில் இலங்கைக்கு வந்த மருத்துவர். பின்னர்க் குருப்பட்டமும் பெற்றவர். 1836இல் தந்தை, மைரன் வின்சுலோவுடன் சென்னைக்கு மாற்றப்பட்டார். அங்கு நிறுவப்பெற்ற அமெரிக்க மிஷன் அச்சகம் பின்னாளில் தமிழ் அச்சுக்கலையின் வளர்ச்சியில் சிறப்பிடம் பெற்றது. வின்சுலோவின் தமிழ்–ஆங்கில அகராதி 1862இல் வெளிவந்ததும் இம்மரபின் வழியேதான்.

இளமையிலேயே கல்விக்காக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட ஹென்றி, நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் 1840இல் பட்டம் பெற்றார். 1843இல் யூனியன் இறையியல் கல்லூரியில் படிப்பை முடித்தார். 1844இல் சமயப் பணியாளராகத் தமிழகம் வந்து சேர்ந்தார். ஜான் ஸ்கடரின் புதல்வர்களுள் இப்பணிக்குத் திரும்பியவர்களில் இவரே முதல்வர். பின்னர் அவருடைய தம்பியர் வில்லியம், ஜோசப், எசக்கியேல், ஜாரெட், சைலஸ், ஜான் ஆகியோரும் வந்தனர். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நிறுவனரான ஐடா ஸ்கடர் (1870–1960) கடைசித் தம்பியின் மகள்.

ஹென்றி சமயக் கல்வியோடு மருத்துவமும் பயின்றிருந்தார். 1850களின் தொடக்கத்தில் ஆர்க்காட்டுப் பகுதிக்குச் சென்று மருந்தகம் நடத்தினார். மருந்து பெற வந்தோர்க்கு முதலில் வேதவாசிப்பும் சிறு பேச்சும், அதன்பின் மருத்துவம் என்பது தந்தை காலம் முதலே அக்குடும்பத்தார் கைக்கொண்ட முறை. நோயும் அச்சமும் உடையவராய், பல ஊர்களிலிருந்தும் பல சாதிகளிலிருந்தும் வந்து ஒரே திண்ணையில் காத்திருந்தோரிடம் பேசும் பேச்சு அது. கோயிலில் கூடும் விசுவாசிகளிடம் பேசுவதும் இதுவும் ஒன்றல்ல. பின்னாளில் மருத்துவமனைக் குரு எனத் தனிப் பதவியாக அமைந்த பணியின் தொடக்க வடிவம் இதில் காணப்படுகிறது.

1853இல் வில்லியம், ஜோசப் ஆகிய தம்பியரோடு சேர்ந்து ஆர்க்காட்டு மிஷனை அவர் அமைத்தார். வேலூர், சித்தூர், ஆரணி ஆகியன அதன் தொடக்கக்கால நிலையங்கள். இவர்கள் சார்ந்திருந்த அமெரிக்காவின் டச்சுச் சீர்திருத்தத் திருச்சபை 1857இல் தன் வெளிநாட்டு மிஷன் பணியைத் தன் வாரியத்தின் வழியே தனித்து நடத்தத் தொடங்க, ஆர்க்காட்டு மிஷன் அதன் பொறுப்பில் வந்தது. பெயர் வேறாயினும் இத்திருச்சபையின் ஆட்சிமுறை பிரெஸ்பிட்டீரியன் முறையே. பேராயர் இல்லை; போதகரும் சபையார் தெரிந்தெடுத்த மூப்பரும் கூடிய சங்கமே சபையை ஆளும். 1901இல் ஆர்க்காட்டுச் சபைகளும் சென்னைப் பகுதியின் ஸ்காத்லாந்துப் பிரெஸ்பிட்டீரியன் சபைகளும் ஒன்றிணைந்தமைக்கு இவ்வொற்றுமையே அடிப்படை. இவ்விணைப்பு 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையாகவும், 1947இல் தென்னிந்தியத் திருச்சபையாகவும் விரிந்தது.

உடல்நலக் குறைவினால் 1864இல் ஹென்றி அமெரிக்கா திரும்பினார். 1865 முதல் சான் பிரான்சிஸ்கோ நகரின் ஹோவர்டு பிரெஸ்பிட்டீரியன் ஆலயத்திலும், பின்னர்ப் புரூக்ளினிலும் சிகாகோவிலும் இருந்த காங்கிரிகேஷனல் ஆலயங்களிலும் போதகராகப் பணியாற்றினார். 1887இல் தம் பிள்ளைகள் பணியாற்றிய ஜப்பானுக்குச் சென்றார். 1895இல் அமெரிக்காவில் காலமானார்.

3. நூல்கள்

ஹென்றி தமிழில் எழுதியவற்றுள் நான்கு நூல்கள் குறிப்பிடத்தக்கவை. முதலாவது, சீர்திருத்தத் திருச்சபையின் வழிபாட்டு ஒழுங்கு. இது 1862இல் சென்னையில் வெளிவந்தது. இரண்டாவது, ஆங்கிலத்தில் 'பஜார் புக்' என வழங்கும் நூல் (1865). தாய்மொழியில் பிரசங்கம் செய்வோர்க்குத் துணை என்பது அதன் துணைத்தலைப்பின் பொருள். இதனை அவர் தம்பி ஜாரெட் ஆங்கிலத்தில் பெயர்க்க, அப்பெயர்ப்பு 1869இல் வெளியாயிற்று. மூன்றாவது 1868இல் வெளிவந்த வினாவிடை நூல். நான்காவது ஆன்மிக போதனை பற்றியது (1870). இறுதி இரண்டும் அவர் சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கிலத்தில் பிரசங்கம் செய்துகொண்டிருந்த ஆண்டுகளில் வெளிவந்தவை என்பது கருதத்தக்கது. களத்தை விட்டு நீங்கிய பின்னும் அவர்தம் தமிழ் எழுத்துத் தொடர்ந்து பயன்பாட்டுக்கு வந்தது.

பஜார் புக் வெளியான அதே 1865இல்தான் ஜான் மர்டாக் தொகுத்த தமிழ் அச்சுநூல்களின் வகைப்பட்டியலும் வெளிவந்தது. தமிழில் அச்சேறிய நூல்கள் எவையெவை என்று கணக்கெடுக்கும் அளவுக்கு அச்சுப் பண்பாடு முதிர்ந்துவிட்ட காலம் அது. அக்காலத்திலும் ஆர்க்காட்டு மிஷன் அச்சுநூலை விட வாய்ப்பேச்சையே தன் முதற்கருவியாகக் கொண்டது. ஆங்கில உயர்கல்வி நிறுவனங்கள் வழியாகச் சமயம் பரப்பும் முறையைச் சென்னையில் ஸ்காத்லாந்து மிஷன்கள் மேற்கொண்டிருக்க, ஆர்க்காட்டு மிஷன் தொடக்கத்தில் அதனை ஏற்கவில்லை. ஊர் ஊராகச் சென்று மக்கள் மொழியில் பேசுவதே தன் வழி என்று விதித்துக்கொண்டது. எனவே அம்மிஷனில் அச்சிட்ட நூல் என்பது பேச்சுக்கு முன்னோடும் படி. பேச்சுக்கு மாற்று அன்று.

4. உளப்பாட்டுத் தன்மைப் பன்மை

தன்மைப் பன்மையில் முன்னிலையாரைச் சேர்த்தலும் விலக்கலும் தமிழிலக்கணம் தொன்றுதொட்டு அறிந்த வேறுபாடு. தொல்காப்பியச் சொல்லதிகாரம் தன்மைப் பன்மை வினைமுற்று ஈறுகளைத் தொகுத்துரைக்கிறது. அவற்றுள் அம், ஆம் என்பன முன்னிலையாரை உளப்படுத்தும் எனவும், எம், ஏம் என்பன படர்க்கையாரை உளப்படுத்தும் எனவும் உரையாசிரியர் வகுத்தனர். பெயரில் நாம், யாம் என இருந்த எதிர்வு பிற்காலத்தில் நாம், நாங்கள் என அமைந்தது. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளின் இவ்விருவகைப் பன்மையை விரிவாக எடுத்துரைத்தார். ஐரோப்பிய மொழிகளில் இதற்கு இணையில்லை என்பதே அவருடைய வாசகர்க்குப் புதுமையாக இருந்திருக்கும்.

இக்காலத் தமிழில் இவ்வேறுபாடு வினைமுற்றில் இல்லை. ஓம் என்னும் ஓரீறே இரண்டிற்கும் பொது. ஆகவே எழுவாயை விட்டுவிட்டு வினைமுற்றை மட்டும் சொன்னால் கேட்போர் உள்ளடங்கினரா இல்லையா என்பது வெளிப்படாது. 'வந்தோம்' என்பதில் ஐயம் உண்டு; 'நாம் வந்தோம்', 'நாங்கள் வந்தோம்' என்பவற்றில் ஐயமில்லை. ஆனால் உடைமைப் பொருளிலும் பிற வேற்றுமைகளிலும் இத்தப்பிப்பு எளிதன்று. 'நம் பாவம்', 'எங்கள் பாவம்' என்பவற்றுள் ஒன்றை மொழிபெயர்ப்பாளன் தெரிந்தே ஆகவேண்டும்.

விவிலிய மொழிபெயர்ப்பில் இச்சிக்கல் நன்கறியப்பட்டது. மாற்கு நற்செய்தியில் புயலில் சிக்கிய சீடர்கள், படகில் உறங்கும் இயேசுவை எழுப்பித் தாம் மடிந்துபோவதைப் பற்றி முறையிடுகின்றனர். மடியப்போகிறவர்களுள் இயேசுவும் ஒருவரா என்பதைக் கிரேக்க மூலம் இலக்கண வடிவத்தால் கூறவில்லை. தமிழ் மரபு அவ்விடத்தில் 'நாங்கள்' என்றது. ஒரு சொல்லால் சீடரின் நம்பிக்கையைப் பற்றிய ஒரு விளக்கவுரையே அங்கு எழுதப்பட்டுவிட்டது எனலாம்.

5. வழிபாட்டு நூல்: பல மொழி கடந்து வந்த பன்மை

ஹென்றி தமிழாக்கிய வழிபாட்டு ஒழுங்கின் பயணம் மொழிபெயர்ப்பாளர் கருத்தூன்றிப் பார்க்கத்தக்கது. 1563இல் செருமானியப் பலட்டினேட் நாட்டுத் திருச்சபை ஒழுங்காகத் தோன்றிய சடங்குரைகள் 1566இல் பேத்ருஸ் டாதேனுஸால் டச்சு மொழிக்கு வந்தன. டச்சுக் குடியேறிகளோடு அவை அமெரிக்கா சென்று, 1767இல் நியூயார்க்கில் ஆங்கிலமாயின. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து 1862இல் தமிழாயின. செருமன், டச்சு, ஆங்கிலம் என்ற மூன்று மொழிகளுக்கும் தன்மைப் பன்மைப் பெயர் ஒன்றே. 300 ஆண்டுகளாக எம்மொழிபெயர்ப்பாளனும் தீர்க்கத் தேவையில்லாதிருந்த ஒரு வினா, தமிழுக்கு வந்தபோதுதான் விடை கேட்டது.

இதே சடங்குமரபு இதற்கு முன்னரே ஒருமுறை தமிழுக்கு வந்ததுண்டு. டச்சுக்காரர் ஆண்ட இலங்கையில், தமிழரான பிலிப்பு தெ மெல்லோ சீர்திருத்தத் திருச்சபையின் குருவாகப் பணியாற்றினார். கொழும்பில் 1759இல் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாடும் அத்திருச்சபையின் தமிழ் வழிபாட்டு முறையும் அவர் பெயரோடு தொடர்புடையன. டச்சு மொழியிலிருந்து தமிழுக்கு நேராக வந்த வழி அது. அதே தீவில் பிறந்த ஹென்றியின் வழி அமெரிக்காவைச் சுற்றி வந்தது.

வழிபாட்டு உரையின் சிறப்பு, ஒரே வாய் இடையிடையே திசைமாறிப் பேசுவதாகும். சீர்திருத்தத் திருச்சபையின் திருவிருந்து ஒழுங்கை எடுத்துக்கொள்க. போதகர் முதலில் திருவிருந்து நிறுவப்பட்ட வரலாற்றைக் கூறுகிறார். பின் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே சோதித்தறியுமாறு சபைக்கு அறிவுறுத்துகிறார். குறித்த பாவங்களில் நிலைத்திருப்போர் பந்திக்கு வரலாகாது என எச்சரிக்கிறார். அதன்பின் கடவுளை நோக்கி வேண்டுகிறார். விசுவாசப் பிரமாணம் சொல்லப்படுகிறது. மீண்டும் சபையை நோக்கித் திரும்பி அப்பமும் கிண்ணமும் பகிர்கிறார். இவற்றுள் ஆங்கிலப் பாடம் தன்மைப் பன்மையை வேறுபாடின்றிப் பயன்படுத்திச் செல்ல, தமிழ்ப் பாடம் ஒவ்வொரு திருப்பத்திலும் பெயரை மாற்ற வேண்டியதாகிறது.

சபைக்கு அறிவுறுத்தும்போது போதகரும் பாவியரில் ஒருவர், எனவே 'நாம்'. கடவுளை நோக்கி வேண்டும்போது கடவுளை உளப்படுத்தல் இயலாது. எனவே 'நாங்கள்', 'எங்கள்'. கர்த்தர் கற்பித்த செபத்தின் தமிழ் வடிவங்களில் 'எங்கள்' என்றே வருவதும் இதனாலே. விசுவாசப் பிரமாணத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியே பொறுப்பேற்பதால் 'நான்'. இம்மூன்று இடங்களிலும் ஐயத்துக்கு இடமில்லை. வாசிக்கத் தெரியாத விசுவாசியும் பெயர் மாறுவதைக் கேட்டே வழிபாடு எங்கே மனிதரை விட்டுக் கடவுளிடம் திரும்புகிறது என்பதை அறிந்துகொள்வான். ஆங்கிலத்தில் கண்மூடுவதும் தலைகுனிவதும் காட்டும் எல்லையைத் தமிழில் இலக்கணமே காட்டிவிடுகிறது.

கடவுளை முன்னிலைப்படுத்தும் முறையிலும் இதுபோன்ற தெளிவு உண்டு. பக்தி இலக்கியம் இறைவனை 'நீ' என உரிமையோடு விளிக்கும். சீர்திருத்தச் சபைகளின் தமிழ், விவிலிய மரபைப் பின்பற்றி 'நீர்', 'தேவரீர்' என்னும் மரியாதை வடிவங்களைக் கொண்டது. பழைய ஆங்கிலத்தின் ஒருமை விளி நெருக்கத்தையும் பழைமையையும் ஒருங்கே சுட்ட, தமிழ் வடிவம் அவையடக்கத்தை முன்னிறுத்தியது. இறைவனைக் குறிக்கும் பெயரே அக்காலத்தில் நிலைபெறாதிருந்தது. சீகன்பால்கு சருவேசுரன் என்றார். ஃபப்ரீஷியஸ் பராபரன் என்றார். 1850இல் பெர்சிவல் தலைமையில் வெளிவந்த பாடமும் 1871இல் முடிவுற்ற போவர் பாடமும் தேவன் என்றன. ஹென்றியின் நூல்கள் இவ்விரு பாடங்களுக்கும் இடைப்பட்ட காலத்தன. சபையார் இத்தகைய மாற்றங்களைப் பொருட்படுத்தாதவர்கள் அல்லர். ரேனியஸின் திருத்தத்தைத் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) வன்மையாக எதிர்த்தமை, வழிபாட்டுச் சொல் மாறும்போது சமய வாழ்வே மாறுவதாக மக்கள் உணர்ந்தனர் என்பதற்குச் சான்று.

6. ஐயத்துக்குரிய இடம்

இலக்கணம் விடை கூறாத இடம் திருவிருந்து ஒழுங்கில் ஒன்றுண்டு. குறித்த பாவங்களில் நிலைத்திருப்போரைப் பந்தியிலிருந்து விலகுமாறு எச்சரிக்கும் பகுதியே அது. எச்சரிப்பவர் யார்? மூலத்தில் தன்மைப் பன்மைதான் உள்ளது. அப்பன்மை போதகரையும் மூப்பரையும் குறிப்பதா, சபை முழுவதையும் குறிப்பதா என்பதை ஐரோப்பிய மொழிகள் மௌனமாக விட்டுவிட்டன.

பிரெஸ்பிட்டீரியன் ஆட்சிமுறையில் இரண்டிற்கும் நியாயம் உண்டு. ஒழுங்கு நடவடிக்கை மூப்பர் சங்கத்தின் உரிமை. அவ்வகையில் 'நாங்கள்' பொருந்தும். மூப்பரோ சபையார் தெரிந்தெடுத்தவர். அவர்தம் அதிகாரம் சபையினின்றும் வேறானதன்று. அவ்வகையில் 'நாம்' பொருந்தும். முதலாவது வடிவத்தைக் கேட்பவன் தன் எதிரே நிற்கும் ஒரு குழுவினரின் ஆணையைக் கேட்கிறான். இரண்டாவதைக் கேட்பவன் தானும் பங்குகொண்ட ஓர் உடன்படிக்கையைக் கேட்கிறான். 1860களின் ஆர்க்காட்டுச் சிற்றூர்ச் சபையில் இவ்வேறுபாடு வெறும் இறையியல் நுட்பமாக இருந்திருக்க முடியாது. அங்கே எச்சரிப்பவர் பெரும்பாலும் வெள்ளையரான போதகர். கேட்பவர் அண்மையில் சபையில் சேர்ந்த எளிய உழவர். 'நாங்கள்' என்னும் சொல் அவ்விடத்தில் இனத்தையும் ஆட்சியையும் சேர்த்தே ஒலித்திருக்கும்.

சாதியைப் பொறுத்தும் இதுவே நிலை. 1850இல் சென்னையில் கூடிய மிஷனரி மாநாடு, சபைகளுக்குள் சாதி வேற்றுமையைப் பொறுத்துக்கொள்வதில்லை எனத் தீர்மானித்தது. அமெரிக்க மிஷன்கள் அதில் கண்டிப்புடையன. ஆர்க்காட்டு மிஷனும் அவ்வாறே. ஒரே கிண்ணத்தில் எல்லாரும் பருகும் பந்தியே அத்தீர்மானத்தின் தேர்வுக்களம். 1860களில் ஆர்க்காட்டுப் பகுதியில் ஒடுக்கப்பட்ட மக்கள் குடும்பம் குடும்பமாகவும் ஊர்ப்பகுதி முழுவதுமாகவும் சபையில் சேரத் தொடங்கினர். அவர்களும் உயர்ந்தோர் எனப்பட்ட சாதியிலிருந்து வந்த சிலரும் ஒருங்கே அமர்ந்த இடத்தில் போதகர் சொன்ன 'நாம்' என்பது, அவ்வூரின் தெருவில் யாரும் சொல்லாத 'நாம்'. அதற்கு வெளியே அவர்கள் 'நாங்கள்' என்றும் 'நீங்கள்' என்றும் பிரிந்தே வாழ்ந்தனர். வழிபாட்டு நூலின் ஒரு பெயர்ச்சொல், ஊர் வழக்கத்துக்கு மாறான ஒரு கூட்டத்தை வாரந்தோறும் பெயரிட்டுக்கொண்டிருந்தது.

7. சந்தையும் வினாவிடையும்

சந்தையில் நின்று பேசுபவனின் நிலை வேறு. அவன் முன் நிற்போர் சபையார் அல்லர். வாங்கவும் விற்கவும் வந்தவர்கள். அவர்களை நிறுத்தி வைப்பதே முதல் வேலை. அதற்கு அக்கால உபதேசியார் கையாண்ட வழி, கேட்போர் முன்பே அறிந்து மதித்த செய்யுட்களை எடுத்துப் பாடிப் பொருள் விரித்தல். திருக்குறளும் சித்தர் பாடல்களும் இவ்வகையில் பெரிதும் பயன்பட்டன. பஜார் புக் போன்ற துணைநூலின் தேவை இச்சூழலிலிருந்தே பிறந்தது. வேற்று நாட்டார்க்கும் புதிய உபதேசியார்க்கும் பொருள்வாரியாகப் பேச்சுக்கரு, உவமை, மேற்கோள் ஆகியவற்றைக் கையில் கொடுப்பது அதன் பயன்.

இங்கு 'நீங்கள்' என்பது எதிர்ப்பின் சொல். 'நாம்' என்பது அழைப்பின் சொல். சிலை வழிபாட்டையும் மறுபிறப்புக் கொள்கையையும் மறுத்துப் பேசும் இடத்தில் பேச்சாளன் 'நீங்கள்' என்று சுட்டினால் கேட்போர் பகைவராவர். அவர்கள் மதிக்கும் புலவரின் செய்யுளைச் சான்றாக்கி 'நம் முன்னோர்' என்று தொடங்கினால் கேட்போரும் பேச்சாளனும் ஒரு பக்கத்தினர் ஆவர். பேச்சாளன் உள்ளூர் உபதேசியானால் அச்சொல்லுக்கு உரிமை உண்டு. பேச்சாளன் அமெரிக்கரானால், பண்டத்தரிப்பில் பிறந்தவரேயாயினும், கூட்டம் அதனை ஏற்குமா என்பது ஒவ்வொரு முறையும் சோதிக்கப்பட்டது. பஜார் புக் எழுதியவர் ஒருவர், பேசுவோர் பலர். ஆகவே நூலின் தன்மைப் பன்மை பேசுவோன் வாய்க்கேற்பப் பொருள் மாறும் இயல்பினது. எழுத்து வடிவம் மாறாமலே பொருள் மாறும் இத்தகைய உரையை மொழியியலார் சுட்டுச்சொற்களின் இயல்புக்குத் தக்க எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

தமிழில் மேடைப்பேச்சு உருவான வரலாற்றிலும் இந்நூலுக்கு இடம் உண்டு. ஆறுமுக நாவலர் 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் முதற் சைவப் பிரசங்கத்தை நிகழ்த்தினார். பெர்சிவலுடன் விவிலிய மொழிபெயர்ப்பில் ஈடுபட்டிருந்தவர் அவர். சீர்திருத்தக் கிறித்தவரின் பிரசங்க முறையே அவர்வழித் தமிழ்ப் பொதுப்பேச்சாக விரிந்தது என்பது பெர்னார்ட் பேட் என்பார் தம் ஆய்வுகளில் நிறுவிய கருத்து; அவர் மறைவுக்குப் பின் 2021இல் வெளிவந்த நூல் இதனை விரிவாகக் கூறுகிறது. முன்பின் அறியாதவர்களை ஒரு சொல்லால் ஒரு கூட்டமாக்கும் திறம் இப்பேச்சு முறையின் உயிர். 20ஆம் நூற்றாண்டின் அரசியல் மேடையில் 'நாம்' பெற்ற ஆற்றலுக்கு, சந்தையில் நின்ற உபதேசியாரின் 'நாம்' ஒரு முன்னோடி.

வினாவிடை நூலில் பன்மை பின்னுக்குச் சென்று ஒருமை முன்வருகிறது. சீர்திருத்தத் திருச்சபையின் அடிப்படை வினாவிடையான ஹைடல்பர்க் வினாவிடை (1563) தன் முதல் வினாவையே ஒருமையில் தனியாளை நோக்கிக் கேட்கிறது. விடையும் தன்மை ஒருமையிலேயே அமைகிறது. குலமும் ஊரும் கூடி முடிவெடுக்கும் சமூகத்தில் 'நான்' என்று தொடங்கும் விடையை மனப்பாடம் செய்து, பலர் கேட்க எழுந்து நின்று சொல்வது சிறு செயலன்று. குடும்பம் குடும்பமாகச் சபையில் சேர்ந்தோர் ஞானஸ்நானத்துக்கும் திருவிருந்துக்கும் வரும்போது தனித்தனியே விடையிறுக்க வேண்டியிருந்தது. வழிபாடு அவர்களை 'நாம்' எனச் சேர்த்தது. வினாவிடை அவர்களை 'நான்' எனப் பிரித்தெடுத்தது.

8. மொழியெல்லையில்

இப்பணி நிகழ்ந்த களம் ஒருமொழிக் களம் அன்று. சித்தூரும் திருப்பதியும் 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை. சித்தூரே அம்மாவட்டத்தின் தலைநகர். 1911இல் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1960இல் ஆந்திரத்துக்கும் சென்னை மாநிலத்துக்கும் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி தமிழ்ப் பக்கம் வந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. எல்லைகள் இவ்வாறு மாறினும் தமிழும் தெலுங்கும் கலந்து வழங்குதல் அங்கு மாறவில்லை. பாலசமுத்திரம் என்பது போல ஏரியாற் பெயர்பெற்ற ஊர்ப்பெயர்கள் இரு மொழியார்க்கும் பொதுவாக அப்பகுதியெங்கும் பரவியுள்ளன.

ஆர்க்காட்டு மிஷனின் மேற்குப் பகுதியான பலமனேரி, மதனப்பள்ளி நிலையங்களில் தெலுங்கே முதன்மை பெற்றது. 1860இல் வந்த ஜேக்கப் சேம்பர்லின் (1835–1908) அங்குப் பணியாற்றி, தெலுங்கு விவிலியத் திருத்தக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். வழிபாட்டு ஒழுங்கைத் தெலுங்கிலும் ஆக்கினார். தெலுங்கிலும் 'மனமு', 'மேமு' என உளப்பாட்டு வேறுபாடு உண்டு; வினைமுற்று ஈற்றில் அவ்வேறுபாடு இல்லை. எனவே ஆங்கிலப் பாடம் தமிழில் எதிர்கொண்ட அதே வினாவைத் தெலுங்கிலும் எதிர்கொண்டது. மலையின் இருபுறத்திலும் வெவ்வேறு மொழியில் வழிபட்ட சபையார், ஆங்கிலத்தில் வழிபட்ட தம் போதகரைக் காட்டிலும் இவ்வொரு பொருளில் தமக்குள் நெருங்கியிருந்தனர். கன்னடத்தின் இக்கால வழக்கில் இவ்வேறுபாடு மறைந்துவிட்டமையை நோக்க, இத்தெலுங்கு–தமிழ் ஒற்றுமை பொதுத் திராவிடப் பண்பு என்பதோடு அமையாமல், இரு மொழிகளும் பேணிக்காத்த பண்பு என்பதும் விளங்கும்.

9. முடிவுரை

ஹென்றி மார்ட்டின் ஸ்கடரின் வாழ்க்கையில் தமிழகத்துப் பணிக்காலம் 20 ஆண்டுகளே. அதன்பின் 30 ஆண்டுகளுக்கு மேல் அவர் பிற நாடுகளில் வாழ்ந்தார். அமெரிக்கப் பிரசங்க மேடையில் அவர் கூறிய தன்மைப் பன்மைக்கு எவரும் எல்லை கேட்டதில்லை. ஆங்கிலம் கேட்க விடுவதுமில்லை. அவர் விட்டுச்சென்ற தமிழ் நூல்களோ ஒவ்வொரு முறை வாய்விட்டுச் சொல்லப்பட்டபோதும், சொல்பவன் யாரைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறான் என்பதை வெளிப்படையாக்கின.

மொழிபெயர்ப்பாளர்க்கு இதிலிருந்து பெறத்தக்க கருத்து ஒன்றுண்டு. மொழிபெயர்ப்பில் இழப்பவை பற்றியே பெரிதும் பேசப்படுகிறது. மூலம் சொல்லாததைச் சொல்லுமாறு பெயர்ப்பு மொழி வற்புறுத்தும் இடங்கள் அதைவிடக் குறைவாகவே கவனிக்கப்படுகின்றன. அத்தகைய இடங்களில் மொழிபெயர்ப்பாளன் நடுநிலையில் நிற்க முடியாது. 'நாம்' என்றாலும் 'நாங்கள்' என்றாலும் அவன் ஒரு சபையின் எல்லையை வரைந்துவிடுகிறான். தமிழ்க் கிறித்தவச் சொற்களைப் பற்றிய ஆய்வுகள், புரோர் திலியாந்தர் (1974) முதல் ஹெப்சிபா இஸ்ரேல் (2011) வரை, கடவுட்பெயர் முதலான கலைச்சொற்களை நுணுகி ஆராய்ந்துள்ளன. அவற்றோடு இணையாக, வழிபாட்டு நூல், வினாவிடை, பிரசங்கத் துணைநூல் ஆகியவற்றின் அடுத்தடுத்த பதிப்புகளில் மூவிடப் பெயர்கள் மாறி வந்த முறை பதிப்புவாரியாக ஒப்பிடப்பட வேண்டும். கலைச்சொல் ஒரு சபை எதை நம்பியது என்பதைக் காட்டும். மூவிடப்பெயர் அச்சபையில் யார் இருந்தார் என்பதைக் காட்டும்.